தோள் வலிக்காத ரிங் ஸ்லிங்: துணி எடுப்பதிலிருந்து தைத்து முடிப்பது வரை

ரிங் ஸ்லிங் என்பது குழந்தையை உடலோடு அணைத்துச் சுமக்கும் நீளத் துணி. ஒரு நுனியில் இரண்டு வளையங்கள் தைத்திருக்கும், மறு நுனியை அவற்றில் கோத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கியது எனக்கு ஒத்துவரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கழுத்தோரம் துணி அறுக்கும். குழந்தை மெல்ல மெல்ல இடுப்புக்கு இறங்கிவிடும். தோளில் பஞ்சு வைத்தால் சரியாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வைத்துப் பார்த்ததில் வியர்வைதான் கூடியது. பிரித்து, துணியை மாற்றி, தோள் மடிப்பை மாற்றித் திரும்பத் தைத்த பிறகுதான் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது: துணியின் கனம், தோள்தையல் விழும் இடம், இறுக்க எளிதாக இருக்கும் ஓரம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பஞ்சுக்கு வேலையே இல்லை.

மெஷினில் நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும், இதை நீங்களே செய்துவிடலாம். தெரியாதென்றால் டெய்லரிடம் கொடுங்கள். ஆனால் கீழே 6-ஆவது படி வரும்போது மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

1. எப்போது தொடங்குவது

குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏழாம் மாதம் வாக்கில் துணியும் வளையமும் கைக்கு வந்துவிட்டால் நிம்மதி. துவைத்துக் காயவைக்க இரண்டு நாள், வெட்டி ஓரம் அடிக்க அரை நாள், தோளைப் போட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஒரு மாலை, எடையைத் தொங்கவிட்டுச் சோதிக்க ஓர் இரவு. விட்டுவிட்டுச் செய்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். வளையம் மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கலாம் என்பதால் அதை முதலில் ஆர்டர் செய்யுங்கள்.

இன்னொன்று: வயிறு பெரிதாக இருக்கும்போது உங்கள் அளவு சரியாக வராது. வெட்டி, ஓரம் அடித்து வைத்துக்கொண்டு, வாலின் (வளையத்தில் கோத்த பிறகு தொங்கும் மிச்சத் துணியின்) நீளத்தை மட்டும் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

2. செலவு எங்கே, சிக்கனம் எங்கே

செலவில் பெரிய பங்கு துணிக்குப் போகும், அடுத்தது வளையத்துக்கு. நூல், ஊசி, டெய்லர் சாக் எல்லாம் சில்லறைச் செலவு. துணியில் கொஞ்சம் இறங்கி வரலாம், சாதாரண பருத்தியே போதும். வளையத்திலும் நூலிலும் பைசா குறைக்கக் கூடாது. குழந்தையின் முழு எடையும் அந்த இரண்டில்தான் நிற்கிறது.

துணிக்காரரிடம் வாங்கிய ரசீதையும், வளையத்துக்கு விற்பனையாளர் தரும் எடைச் சோதனை விவரத்தையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். துணியில் என்ன நூல், எத்தனை மீட்டர் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த ஸ்லிங் தைக்கும்போதோ, இதில் ஏதாவது கோளாறு வரும்போதோ அது கைகொடுக்கும்.

3. துணி

நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. கையில் பிடித்தால் பட்டுப்போல் மென்மையாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். மென்மையான மெல்லிய துணி தோளில் கயிறாகச் சுருண்டு அறுக்கும். கெட்டியான துணியோ வளையத்துக்குள் நகராது, இறுக்கவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

பருத்தியானால் சதுர மீட்டருக்கு 180 முதல் 230 கிராம் வரை, லினன் என்றால் 170 முதல் 200 வரை நன்றாக வரும். கடைக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டால் நீங்களே போடலாம். வாங்கிய துணி 2.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2.64 சதுர மீட்டர். தராசில் 528 கிராம் காட்டினால், 528-ஐ 2.64-ஆல் வகுக்க 200. ஏற்ற துணிதான்.

கனத்தோடு நெசவையும் பாருங்கள். ஜீன்ஸில் சாய்வாக வரி ஓடுமே, அந்த ட்வில் நெசவு ஸ்லிங்குக்கு மிகவும் தோது. நீளவாக்கில் இழுத்தால் அசையாது. மூலைவாக்கில் இழுத்தால் மட்டும் சற்றே இளகிக் கொடுக்கும். அந்த இளக்கம்தான் குழந்தையின் முதுகைச் சுற்றிப் படிந்து உட்கார உதவுகிறது. நேர் நெசவுத் துணியிலும் தைக்கலாம், ஆனால் இறுக்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். டீ-ஷர்ட் போல இழுபடுகிற பின்னல் துணி இதற்கு ஆகாது. குழந்தையின் எடைக்கு அது நீண்டுகொண்டே போகும்.

வாங்குமுன் மூன்று சோதனை. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே சல்லடைபோல் வெளிச்சம் வந்தால் வேண்டாம். நகத்தால் இழையைத் தள்ளிப் பாருங்கள், இடைவெளி விழுந்து அப்படியே நின்றால் தையலிலும் அப்படித்தான் விலகும். கடைசியாக, நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். குழந்தை மேலோரத்தைச் சப்பாமல் இருக்கப் போவதில்லை, சாயம் ஒட்டினால் அது வாய்க்குள்தான் போகும்.

வீட்டில் இருக்கும் பழைய விரிப்பைக் கிழித்துத் தைக்கலாமா என்று கேட்பீர்கள். அளவு பார்க்க, மடிப்புப் பழக, தாராளமாகத் தைக்கலாம். குழந்தையை மட்டும் அதில் வைக்காதீர்கள். துவைத்துத் துவைத்து இழை நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வெட்டுமுன் துணியை இரண்டு முறை துவைத்துக் காயவையுங்கள், பிறகு எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அதே முறையில். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும்.

4. வளையம்

ஒட்டுப்போடாத அலுமினிய வளையம், ஸ்லிங்குக்கென்றே செய்தது, ஒரே அளவில் இரண்டு. உள் விட்டம் சுமார் 75 மி.மீ. என்பது மேலே சொன்ன கனமுள்ள துணிக்குச் சரி. துணி மெலிதாக இருந்தால் 64 மி.மீ. போதும். மெல்லிய துணியைப் பெரிய வளையத்தில் கோத்தால் பிடிமானம் குறைந்து வழுக்கும்.

பைக்குப் போடும் வளையம், திரைச்சீலை வளையம், கைவினைக் கடையில் கிடைக்கும் மர வளையம், பழைய வளையல் எதுவும் கூடாது. வாங்கி வந்ததும் ஒரு மெல்லிய துணியை விரலில் சுற்றிக்கொண்டு வளையம் முழுக்க ஒருமுறை ஓட்டுங்கள். எங்காவது இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. தினம் தினம் அதே இடத்தில் ஸ்லிங் துணியும் மாட்டி அறுந்துகொண்டே வரும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. அளவெடுத்து வெட்டுவது

ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். இஞ்ச் டேப்பை ஒரு பக்கக் காறை எலும்புக்குக் கீழே வைத்து, தோள்மேல் ஏற்றி, முதுகில் சாய்வாக இறக்கி, எதிர்ப்பக்க இடுப்பைச் சுற்றி, தலையணையின் மேலாகத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது 120-க்கும் 140 செ.மீ.-க்கும் இடையில் வரும்.

உதாரணத்துக்கு 130 என்று வைப்போம். வளையத்தில் கோத்துத் திருப்பித் தைக்க 25, தொங்கும் வாலுக்கு 50, ஓரம் மடிக்க 5. மொத்தம் 210 செ.மீ. இது துவைத்த பிறகு இருக்கவேண்டிய நீளம். சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டே கால் முதல் இரண்டரை மீட்டர் வரை வாங்குங்கள். வீட்டில் இன்னொருவரும் சுமப்பார் என்றால், இருவரில் உடல்வாகு பெரியவருக்கு அளவெடுங்கள். மற்றவருக்கு வால் கொஞ்சம் நீளமாகத் தொங்கும், அவ்வளவுதான்.

அகலம் 70 முதல் 75 செ.மீ. துணி அகலமாக இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று 100 செ.மீ. வைத்துத் தைக்காதீர்கள். மிஞ்சிய துணி முழுக்கக் குழந்தையின் கழுத்தோரத்தில் குவியும், வளையத்துக்குள்ளும் அடைத்துக்கொள்ளும்.

வெட்டும்போது நீளவாக்கு இழையோடு நேராக வெட்டுங்கள். கோணலானால் ஒரு பக்க ஓரம் எப்போதும் தளர்ந்தே இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது. சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை உருவி எடுத்து, அந்தக் கோட்டில் வெட்டுங்கள்.

அடுத்து நீள ஓரங்கள். 6 மி.மீ. அளவில் இரண்டு மடிப்பு மடித்து அடித்தால் போதும். தடிமனான ஓரம் குழந்தையின் முழங்கால் மடிப்பில் அழுத்தி வரி விழவைக்கும். துணியின் நெய்த கரை மென்மையாக இருந்தால் அதையே விட்டுவிடலாம். ஆனால் சில துணிகளில் கரை நடுப்பகுதியைவிட விறைப்பாக, சற்றே சுருக்கி இழுத்ததுபோல் இருக்கும். அப்படியிருந்தால் வெட்டிவிட்டு மடித்து அடியுங்கள்.

வாலின் நுனியைச் சாய்வாக வெட்டி மடித்தால் வளையத்தில் கோக்க எளிது. அங்கேயே இன்னொரு சின்ன வேலை: மேலோரத்துக்கு ஒரு நிற நூல், கீழோரத்துக்கு வேறு நிறம், நடுவில் மூன்றாவது நிறம் என்று வால் நெடுக ஒரு வரி ஓட்டிவிடுங்கள். குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது எந்த இடத்தை இழுத்தால் எது இறுகும் என்று தேடவேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

6. தோள்: அவசரப்படக் கூடாத இடம்

இரண்டு வழி இருக்கிறது.

சுருக்குத் தோள்: துணியின் முழு அகலத்தையும் இரண்டு வளையங்களுக்குள்ளும் சேர்த்து நுழைத்து, 25 செ.மீ. திருப்பி, முன்பகுதியோடு தட்டையாக வைத்துக் குறுக்கே தைப்பது. வளையத்தில் துணி தானே சுருங்கிக்கொள்ளும். தோள்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துவிடலாம் என்பதால் எடை பரவும். தைக்கவும் சுலபம்.

கொசுவத் தோள்: நுனியைச் சீரான கொசுவமாக மடித்து, 18 முதல் 20 செ.மீ. அகலத்துக்குள் கொண்டுவந்து, அப்படியே வளையத்தில் கோத்துத் தைப்பது. மடிப்பு கலையாது, ஒதுங்கி ஒழுங்காக உட்காரும். குறுகிய தோள் உள்ளவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் மடிப்பு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தாலும் கழுத்தில் இடிக்கும், பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை.

முதல் ஸ்லிங்குக்குச் சுருக்குத் தோளே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எதை எடுத்தாலும், நேராக மெஷினுக்குப் போகாதீர்கள். கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுவிட்டு மாட்டிப் பாருங்கள். குழந்தைக்குப் பதிலாக ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோ ஆயிற்று. கண்ணாடி முன் நின்று கவனியுங்கள்:

இறுக்கி முடித்த பிறகு வளையம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். இறுக்கும்போது அது இறங்கும் என்பதால் ஆரம்பத்தில் தோள்மேலேயே வைத்துத் தொடங்குங்கள். குறுக்குத் தையல் தோளின் உச்சி எலும்பில் விழக்கூடாது. அதைத் தாண்டி முதுகுப் பக்கம் போயிருக்க வேண்டும். எலும்பின்மேல் விழுந்தால் எவ்வளவு நல்ல துணியானாலும் வலிக்கும். முன்னால் நகர்த்துவதா பின்னால் நகர்த்துவதா என்று இப்போதே சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள். துணி கழுத்தை ஒட்டி நிற்காமல் தோள் முனையை மூடி, மேற்கையை லேசாகத் தொடும்படி விரிய வேண்டும். ஆனால் கையைத் தூக்கும்போது பிடிக்கக் கூடாது.

கேனோடு கால் மணி நேரம் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். நின்ற இடத்தில் வலிக்காத தோள் நடக்கும்போது வலிக்கும்.

பஞ்சு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தைத்துவிட்ட பஞ்சு ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் தோள் அந்த இடத்தில் இல்லையென்றால் கட்டிபோல் உறுத்தும். ஓரங்களில் பஞ்சு வைத்தால் இன்னும் மோசம், வளையத்துக்குள் அந்த ஓரம் நகராது.

7. மெஷின் தையல்

முதலில் துணி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாலை வளையத்தில் கோத்து, முழு வட்டத்தையும் கையால் தடவிக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும். மூன்று வரி தைத்து முடித்த பிறகு முறுக்கைக் கண்டுபிடிப்பதைப்போல் எரிச்சல் வேறில்லை.

நூல் நூறு சதம் பாலியஸ்டர். துணி பருத்தியாக இருந்தாலும் எடை தாங்கும் தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம். ஊசி 90 அல்லது 100 எண், புதியது. தையல் நீளம் 3 மி.மீ. வெட்டிய நுனியை உள்ளே மடித்து மறைத்துவிட்டு, துணியின் முழு அகலத்துக்கும் மூன்று இணை வரிகள், ஒன்றுக்கொன்று 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில். ஒவ்வொரு வரியின் இரு முனையிலும் முன்னும் பின்னுமாக அடித்துக் கெட்டிப்படுத்துங்கள். பாபினில் நூல் பாதியில் தீராமல் இருக்க நிறையச் சுற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

இந்த மூன்று வரிகளுக்கு மட்டும் துணிக்கு நேர் எதிரான நிறத்தில் நூல் போடுங்கள். நீலத் துணியில் மஞ்சள் நூல் அழகாக இருக்காதுதான். ஆனால் ஒரு தையல் அறுந்தால் பளிச்சென்று தெரியும். அதே நிற நூல் போட்டால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

8. எடை தொங்கவிட்டுச் சோதனை

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதில் நடுத்தர எடை ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. அதைவிடக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். உறுதியான கம்பி ஒன்றில் ஸ்லிங்கை மாட்டி, கெட்டியான பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பதினைந்தை அடுக்கி, அதை ஸ்லிங்குக்குள் வையுங்கள். வளையத்தை ஒட்டித் துணியில் சாக்கால் ஒரு கோடு போடுங்கள். பிறகு இரவு முழுக்கத் தொங்கட்டும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கினால் போதும், விழுந்தாலும் சேதமில்லை.

காலையில் அந்தக் கோடு நகர்ந்திருந்தால் துணி வழுக்குகிறது. ஒன்று சிறிய வளையம் வேண்டும், அல்லது துணி சரியில்லை. தையல் துளைகள் நீண்டு இழை விலகியிருந்தால் துணி நிச்சயமாகச் சரியில்லை.

9. குழந்தையை வைப்பது

தைத்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைக்கும் விதத்தில் கெட்டுவிடும். நிமிர்ந்த நிலை, வயிறோடு வயிறு. ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிட உயர்ந்து, ஆங்கில எழுத்து 'எம்' போல் இருக்கும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிட எட்டும் உயரம். அதைவிடக் கீழே இருந்தால் உங்கள் இடுப்புதான் அந்த எடையைத் தாங்கும்.

வாலை மொத்தமாகப் பிடித்து இழுக்காதீர்கள். மேலோரம், நடு, கீழோரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கையால் குழந்தையின் எடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். முதுகுப் பக்கம் துணி திரண்டிருந்தால் விரித்துவிடுங்கள்.

முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இதில் சமரசம் கிடையாது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை ஸ்லிங்கில் வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை என்றது. துணி மூக்கையும் வாயையும் அழுத்தினாலோ, உடல் கூனி தாடை நெஞ்சில் முட்டினாலோ மூச்சடைக்கும், குழந்தையால் அழக்கூட முடியாது. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுக் கோளாறோ சளியோ இருக்கும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். அடுப்படி, சைக்கிள், காரோட்டுவது எதுவும் ஸ்லிங்கோடு கூடாது.

முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நாள் வலத்தோள், அடுத்த நாள் இடத்தோள் என்று மாற்றுங்கள். சுருக்குத் தோளில் இந்த வசதி உண்டு, இரு பக்கமும் ஒரே மாதிரிதான் உட்காரும்.

10. அடுத்தவருக்குத் தைத்துக் கொடுப்பதானால்

சொந்த உபயோகத்துக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. உதாரணமாக, அமெரிக்காவில் 2018 ஜனவரி 30 முதல் ஸ்லிங்குகளுக்கென்று கட்டாய விதி இருக்கிறது. அது ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் எஃப்2907 தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதனை, அதன்பேரில் சான்றிதழ், துணியிலேயே தைத்த எச்சரிக்கை லேபிள், வாங்குகிறவரைப் பதிவுசெய்யும் அட்டை என்று பட்டியல் நீளும். ஆய்வகக் கட்டணம் ஒன்றிரண்டு ஸ்லிங் விற்று எடுக்கக்கூடியதல்ல. எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டு விதியைப் படித்துவிட்டு, அதன் பிறகு துணிக்குப் பணம் போடுங்கள்.

11. துவைப்பதும் கண்காணிப்பதும்

வளையங்களை ஒரு பழைய காலுறைக்குள் விட்டுக் கட்டிவிட்டுத் துவைத்தால் மெஷினிலும் அடிபடாது, வளையத்திலும் கீறல் விழாது. ப்ளீச் வேண்டாம், இழை பலம் போய்விடும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், வழுக்க ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்த மஞ்சள் வரிகள் மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு வரியில் ஒரு தையல் போனாலும் பிரித்துப் புதிதாகத் தைத்து, எட்டாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். வளையம் உராயும் இடத்தில் துணி மெலிந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், அந்த ஸ்லிங்கின் காலம் முடிந்தது. வளையங்கள் கீறலில்லாமல் இருந்தால் வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்த துணிக்கு ஆகும்.